தலைகீழாகப் படித்தவள்

எதிர்த்தெரு இஸ்திரிக்காரிக்குத் தலைகீழாகத்தான் படிக்க வரும். அதற்குக் காரணம் நான்தான்.

எங்கள் இரண்டு தெருவுக்கும் நடுவே ஒரு சாக்கடை. அதைத் தாண்டிக் கல் பறந்த வருடம் என் வீட்டு ஜன்னலும் அவள் அண்ணன் மண்டையும் உடைந்தன. மறு வருடம், எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கென்று ஒரு டீச்சர் பழைய கிடங்கில் வகுப்பு ஆரம்பித்தார். புத்தகம் இரண்டு பேருக்கு ஒன்று. எனக்கு வாய்த்த ஜோடி அவள்! பக்கத்தில் உட்கார விடுவேனா? முறைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். புத்தகத்தை என் பக்கம் பார்க்கவே வைத்துக்கொண்டேன். எட்டு மாதம் பேச்சே இல்லை. ஆனால் பிடிவாதக்காரி, இருந்த இடத்திலிருந்தே படித்துத் தேறிவிட்டாள். பரீட்சைத் தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு அவள் வாசித்தபோது வயிறு வலிக்கச் சிரித்தேன். பரீட்சைக்குப் பிறகும் வகுப்பு தொடர்ந்தது.

போன மாதம் அவளுடைய இஸ்திரி வண்டிக்கு யாரோ தீ வைத்துவிட்டார்கள். பழைய கல்லெறி வழக்கில் பெயர் இருந்ததால் என் வீட்டுக்காரரைப் போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கள் தெரு ஆண்கள் கம்பைத் தேட ஆரம்பித்தார்கள். நான் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

உள்ளே அவள், எழுதுகிற போலீஸ்காரருக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். "ஒருத்தன் ஓடினான். புகையில முகம் தெரியலைங்க" என்றாள். அவர் எழுதி முடித்து மைப்பெட்டியை நகர்த்தினார். அவள் கட்டைவிரலை நீட்டவில்லை.

"ஐயா, நாலாவது வரியில இந்தம்மா வீட்டுக்காரர் பேர் இருக்கே. நான் சொல்லலையே."

அவர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"எதிர்ல உட்கார்ந்தா நல்லாவே தெரியும்."

அந்த வரியை அடித்தார்கள். அரை மணி நேரத்தில் என் வீட்டுக்காரரை விட்டுவிட்டார்கள். அவர் நடந்து வருவதைப் பார்த்ததும் தெருவில் கம்புகள் கீழே இறங்கின.

அதற்கு முன்பே, ஸ்டேஷன் வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுகை வந்தது. "உன் பிழைப்பே எரிஞ்சு போச்சேடி. கோபம் வரலையா?"

"வராம என்ன? அதுக்காக, பார்க்காததைப் பார்த்தேன்னு சொல்லவா?"

அடுத்த வகுப்பில் புத்தகம் எப்போதும்போல் என் பக்கம் பார்த்தே இருந்தது. நான்தான் எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அங்கிருந்து எனக்கு ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை. அவள் சிரிக்காமல், முதல் எழுத்தின்மேல் விரலை வைத்து எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள்.