பச்சை விளக்குக்குத் தெரியாத ஆள்

அசையாமல் குந்தியிருக்கும் ஆளைக் கண்டுகொள்ளாத கேமராவை நம்பி, உங்கள் மச்சானைப் படகுக்கு அடியில் அனுப்புவீர்களா? நாங்கள் அனுப்பினோம். சரியாகச் சொன்னால், நான் அனுப்பினேன், அதுவும் இன்னொருவருடைய மச்சானை.

நாங்கள் என்றால் ஐந்து பேர். திருவொற்றியூரில் ஒரு லேத் பட்டறையின் மாடியில், போர்டு மட்டும் பெரிதாக வைத்த கம்பெனி. ஒரு கல்லூரி லேபோடு சேர்ந்து புது தினுசு கேமரா செய்கிறோம். சாதாரண கேமரா, எதிரில் ஒன்றுமே நடக்காவிட்டாலும் வினாடிக்கு முப்பது படம் எடுத்துத் தள்ளும். எங்களுடையது அந்த வெட்டி வேலை பார்க்காது. வெளிச்சம் எங்கே மாறுகிறதோ அந்தப் புள்ளியை மட்டும், மாறிய உடனே சொல்லும். கண்ணும் மூளையும் வேலை செய்கிற மாதிரி. சிப்பை வரைந்தது லேபில் ஆராய்ச்சி செய்யும் அக்கா. வருகிற புள்ளிகளைப் பார்த்து ஆளா, நிழலா என்று பிரிக்கும் புரோகிராம் என்னுடையது. அந்தக் கெத்தில்தான் திரிந்தேன்.

சோதித்துப் பார்க்கக் கிடைத்த இடம், காசிமேட்டுப் பக்கம் ஒரு படகுப் பட்டறை. ரிப்பேருக்கு வரும் விசைப்படகை, மோட்டாரில் ரோப்பைச் சுற்றும் வின்ச் போட்டுக் கரைக்கு இழுப்பார்கள். படகு ஏற ஏற அடியில் கட்டை வைக்க ஒருவர் உள்ளே போக வேண்டும். வின்ச் ஓட்டும் அண்ணனுக்கு அந்த இடம் தெரியாது, படகு மறைக்கும். கட்டை வைப்பது அவருடைய மச்சான், தங்கச்சி புருஷன். அவன் உள்ளே இருக்கும்போது ரோப் இழுத்தால் கதை முடிந்தது. அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம். லீவரை இழுக்கும் முன் அண்ணன் பக்கத்து இரும்புக் கம்பத்தில் ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டுவார். உள்ளே ஆள் இருந்தால் பதிலுக்கு ஒரு தட்டு வரும்.

அந்தக் கம்பத்தில்தான், படகின் அடி தெரிகிற மாதிரி தாழ்வாக, எங்கள் கேமராவைக் கட்டியிருந்தோம். உள்ளே ஆள் இருந்தால் சிவப்பு விளக்கு, இல்லாவிட்டால் பச்சை. மூன்று வாரம் ஒரு தப்பும் இல்லை.

நாலாவது வாரம் லேபிலிருந்து அக்காவும் மற்றவர்களும் நேரில் பார்க்க வந்தார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் கம்பம் அதிர்ந்து ஸ்க்ரீன் முழுக்கப் புள்ளி சிதறும், பார்க்கவே கலீஜாக இருக்கும். இன்றைக்கு ஒருநாள் தட்டாமல், விளக்கை மட்டும் பார்த்து ஓட்டச் சொல்லி அண்ணனிடம் கேட்டேன். அவருக்கு மனசே இல்லை. படித்த பையன் சொல்கிறான் என்று தலையாட்டினார்.

மச்சான் கட்டையோடு உள்ளே நுழைந்தபோது, கறுப்பு ஸ்க்ரீனில் வெள்ளைப் புள்ளிகளாக அழகாகத் தெரிந்தான். சிவப்பு எரிந்தது. படகுக்கு அடியில் குந்தி, கட்டைக்குத் தோள் கொடுத்தபடி அப்படியே இருந்தான். ஸ்க்ரீனில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தான். விளக்கு பச்சைக்கு மாறியது.

பக்கத்தில் நின்ற அக்கா மெதுவாகக் கேட்டார். "உள்ள போனவர் வெளிய வந்தாரா?"

நான் திரும்ப ஸ்க்ரீனைப் பார்த்தேன். மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. அண்ணன் பச்சையைப் பார்த்தார். இடது கை லீவருக்குப் போனது. வலது கையில் ஸ்பேனர். பழக்க தோஷம், டக் டக் என்று தட்டிவிட்டார்.

ஸ்க்ரீனில் படகின் விளிம்பு, கட்டை, மச்சானின் வளைந்த முதுகு எல்லாம் பளிச்சென்று வந்து மறைந்தன. உள்ளேயிருந்து ஒரு தட்டு கேட்டது. அண்ணன் கையை எடுத்துவிட்டு மோட்டாரை நிறுத்தினார்.

அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது. கேமரா ஆடினால், அசையாத பொருளும் அதற்கு அசைகிற பொருள்தான். மூன்று வாரமாக மச்சானைக் காட்டிக்கொடுத்தது அந்தத் தட்டு. அதைத்தான் நான் நிறுத்தச் சொல்லியிருந்தேன்.

அண்ணன் என்னிடம் வந்தார். கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"இன்னா தம்பி, பச்ச எரியுது. ஆளு உள்ள கீறான்."

"என் தப்புண்ணா. தட்டாதீங்கன்னு நான் சொல்லியிருக்கக் கூடாது."

"நீ சொன்ன, சரி. நான் கேட்டுகினேன் பாரு. என் தங்கச்சிக்கு நீயா வந்து பதில் சொல்லுவ?"

விஷயம் புரிந்ததும் மச்சான் முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தான். "வுடு மச்சான். எங்க வூட்லயும் நான் சும்மா குந்திகினு இருந்தா எவனும் கண்டுக்க மாட்டான்."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அன்றே கேமராவைக் கழற்றினோம். இரண்டு வாரம் லேபிலேயே கிடந்தோம். போனை வைப்ரேட் ஆக்கும் குட்டி மோட்டார் ஒன்றை அக்கா கேமராவின் முதுகில் பொருத்தினார். நம் கண்ணும் நமக்கே தெரியாமல் லேசாக நடுங்கிக்கொண்டேதான் இருக்குமாம். மேசையில் வைத்துப் பார்த்தால் சரியாக இருக்கிறது. படகுக்கு அடியில் எப்படியோ.

மறுபடி அனுமதி கேட்டுப் போனபோது அண்ணன் ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். "இந்த வாட்டி உள்ள நீ குந்து. நான் தட்ட மாட்டேன். கடைசி வரிக்கும் செவப்பு எரிஞ்சா பொட்டி இங்க இருக்கட்டும்."

படகிலிருந்து ரோப்பைக் கழற்றிவிடுவீர்கள்தானே என்று அக்கா கேட்டார்.

"கயட்டுவனா மாட்டனா, அத்த இவனுக்கு சொல்ல மாட்டேன்."

எதிர் டீக்கடையில் உட்கார்ந்து போனில் இதை டைப் செய்கிறேன். மணி இரண்டே முக்கால். டெஸ்ட் மூன்று மணிக்கு.