சனிக்கிழமைக் கூட்டத்தில் குப்புறப் படுத்த பிள்ளைகள்

கொட்டாஞ்சேனையில் அந்த மண்டபத்துத் திறப்பு என் இடுப்பில்தான் கிடந்தது. கூட்டுவது, பூட்டுவது, பிளேன்டீ ஊற்றுவது எல்லாம் நான்தான். எனக்கு ஞாபகம் நேராக வராது, அங்கிருந்த ஃபேனிலிருந்துதான் வரும். அது சுற்றுகிற சத்தத்தில் மிஸ் கதைப்பது பின்னால் இருக்கிற பிள்ளைகளுக்குக் கேட்காது.

மிஸ் ஒரு பள்ளிக்கூட டீச்சர். சனிக்கிழமை பின்னேரங்களில் பெண்பிள்ளைகளுக்குக் கூட்டம் நடத்துவார். யுத்த காலம். தாய்மார் பிள்ளைகளை வெளியே விடப் பயந்தார்கள். வந்த பிள்ளைகளும் தையல், பொது அறிவு என்றால் கொட்டாவி விட்டார்கள். அதனால் மிஸ் ஒரு புது வழக்கம் கொண்டுவந்தார். கிழமைக்கு ஒரு பிள்ளை தனக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும். ஒருத்தி மில்க் டொஃபி கிண்டினாள். பக்கத்து ஒழுங்கை முஸ்லிம் பிள்ளை எல்லோருக்கும் மருதோன்றி போட்டாள். என் சுண்டுவிரலிலும் ஒரு பொட்டு வைத்தாள். அதைப் பார்த்து வீட்டில் மனுசி சிரித்த சிரிப்பு இருக்கிறதே... சரி, அது கிடக்கட்டும்.

பிறகு லொட்ஜ் பிள்ளையின் முறை வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து தாயோடு வந்து லொட்ஜில் தங்கியிருந்தவள். தகப்பன் கனடாவில். வருகிற திங்கட்கிழமை எம்பசியில் விசா இன்டர்வியூ.

"எனக்கு ஒண்டும் தெரியாது மிஸ்."

"ஏதாவது தெரிஞ்சிருக்குமே, யோசிச்சுப் பாரு."

யோசித்தாள். "பொம்பர் வந்து குண்டு போட்டா எப்பிடிப் படுக்கிறதெண்டு தெரியும்."

தெருமுனைப் பேக்கரிக்காரர் மகள்தான் முதலில் பாயில் விழுந்தாள். அவளுக்கு எல்லாம் பகிடி.

"முழங்கையை ஊண்டுங்கோ. நெஞ்சு நிலத்திலை முட்டக் கூடாது. வாயைத் திறந்து வச்சிருங்கோ."

"ஏண்டி, வாய்க்குள்ள இலையான், கொசு பூரவா?"

"இல்லாட்டிக் காது வெடிச்சிடும்."

அதற்குப் பிறகு ஒருத்தியும் சிரிக்கவில்லை. எல்லோரும் வரிசையாகக் குப்புறப் படுத்தார்கள்.

அந்த நேரம்தான் பொலிஸ் வந்தது. தெருவெல்லாம் செக்கிங். வாசலில் நின்ற சார்ஜன், முழங்கையில் கிடக்கும் பிள்ளைகளைப் பார்த்ததும் தோளில் கிடந்த துவக்கைப் பிடித்தார்.

"மொனவத மே? ட்ரெய்னிங்த?" இது என்ன, ட்ரெய்னிங்கா என்று.

அந்த நாட்களில் ட்ரெய்னிங் என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான், இயக்கத்தில் எடுக்கும் ஆயுதப் பயிற்சி. யார் சொல்லிக் கொடுத்தது என்று சிங்களத்தில் கேட்டார். லொட்ஜ் பிள்ளையை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனால் திங்கட்கிழமை இன்டர்வியூ இல்லை. மீட்டு எடுக்கத் தாய்க்கு ஒரு சொல் சிங்களமும் தெரியாது.

"மம, சேர்." பேக்கரிக்காரர் மகள், படுத்தபடியே. நான்தான் சொல்லிக் கொடுத்தேன், இது டான்ஸ் என்று சிங்களத்தில் சொன்னாள்.

"அப்படியானால் ஆடு" என்றார் சார்ஜன்.

அவள் மெதுவாகத் தலையைத் தூக்கினாள். ஏதோ ஒரு மெட்டை முனகிக்கொண்டு, இரண்டு கையையும் இதழ் போல விரித்தாள். வாயோரத்தால் தமிழில் சொன்னாள்: "எழும்புங்கடி, ஒவ்வொருத்தியா. தாமரை விரியுது." எழும்பினார்கள். கடைசியாக லொட்ஜ் பிள்ளை. அவள் எழும்பினது காற்றில் ஆடும் பூ மாதிரியே இருந்தது.

"ஆயெத்" என்றார் சார்ஜன். திரும்பவும் படுத்து, திரும்பவும் பூத்தார்கள்.

பிறகு அடையாள அட்டைகளை வாங்கினார். யாழ்ப்பாண விலாசம் போட்ட லொட்ஜ் பிள்ளையுடையதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. அட்டையைக் கையில் கொடுத்துவிட்டு, கொன்சர்ட் எப்போது என்று கேட்டார்.

"நத்தாருக்கு, சேர்" என்றார் மிஸ். அப்படி ஒரு கிறிஸ்மஸ் கொன்சர்ட்டே இல்லை.

வருவேன், இந்த டான்ஸைத்தான் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுச் சார்ஜன் போனார்.

பிளேன்டீ ஊற்றினேன். ஒருத்தியும் தொடவில்லை. கடைசியில் பேக்கரிக்காரர் மகள் சொன்னாள்: "இனி மெய்யாவே ஆடணுமேடி!"

லொட்ஜ் பிள்ளை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு நெஞ்சு நிலத்திலை முட்டினது. பொம்பர் வந்திருந்தாச் செத்திருப்பாய்."

திங்கட்கிழமை லொட்ஜ் பிள்ளை எம்பசிக்குப் போனாள். மற்றப் பிள்ளைகள் நத்தார் வரைக்கும் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. வாசலைப் பார்த்துப் பார்த்துத்தான் பூத்தார்கள்.