சூட்டோடு கட்டிய மூட்டை

என் சின்னண்ணனுக்கு 'போல்ட்டு' என்று பெயர். சட்டைப்பையில் எந்நேரமும் நாலு போல்ட்டும் நட்டும் கிடந்து சலசலக்கும். மாவு மில்லில் ஃபிட்டராக இருந்தவன். எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்பமாட்டான். கல்யாணத்தன்று கையில் கட்டிய புது வாட்ச்சைச் சாயங்காலமே பிரித்துப் பாயில் பரப்பிவிட்டான். அன்றைக்குத் தலையில் அடித்துக்கொண்ட சின்னண்ணி இன்னும் நிறுத்தவில்லை.

அந்தப் புத்திதான் அப்பா போன பிறகு நிலத்தைப் பிரித்தபோதும் வேலை செய்தது. பெரியண்ணன் வரப்பில் நின்று, "இதுவரைக்கும் உனக்கு, அந்தப் பக்கம் எனக்கு" என்றார். இவன் சும்மா இருந்திருக்கக் கூடாதா? "எதுக்கும் அளந்துடலாம்ணே" என்றான். அளந்தார்கள். இவன் பங்குதான் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. பெரியண்ணனுக்கு மனசு விட்டுப்போயிற்று. "என்னை நம்பாம டேப்பு புடிச்சவன்" என்றார், அத்தோடு பேச்சு நின்றது. அடுத்தடுத்த வீடும் ஷெட்டும், நடுவில் ஒரு கம்பி வேலி, வருஷக்கணக்கில் ஒரு வார்த்தை கிடையாது. நான்தான் தபால்காரி. எனக்கு வாய் நீளம் என்கிறார்கள். இந்த இரண்டு ஊமைகளுக்கு நடுவில் வாழ்ந்தால் யாருக்குத்தான் நீளாது?

மில்லை மூடியதும் சின்னண்ணன் எங்கிருந்தோ கோழித்தீவனம் செய்கிற ஒரு பழைய எக்ஸ்ட்ரூடரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். துரு ஏறிய இரும்புப் பூதம். அதை மொத்தமாகக் கழற்றி, துடைத்து, மாட்டி ஓடவைத்தான். உடைத்த மக்காச்சோளத்தையும் சோயாவையும் மேலே கொட்டினால், உள்ளே இருக்கும் திருகு அதை நெருக்கித் தள்ளும். அடுப்பு கிடையாது. நெருக்குகிற நெருக்கலிலேயே வெந்து, முன்பக்க ஓட்டை வழியாக ஆவியோடு பொரிந்து வந்து விழும். எல்லாருக்கும் அது பொரி மிஷின். மூட்டை தைக்கிற வேலை எனக்கு.

சூடாக விழுவதைத் தார்ப்பாயில் பரப்பி ஆறவிட வேண்டும். குவியலுக்குள் கையை முழங்கை வரை விட்டால் ஜில்லென்று இருக்க வேண்டும், அப்புறம்தான் சாக்கு. சூட்டோடு கட்டினால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். இது எங்களுக்குத் தெரியும். வாங்க வருகிற கோழிப்பண்ணைக்காரர்களுக்கோ வேறு கணக்கு. வந்ததும் மூட்டையைத் தட்டிப் பார்ப்பார்கள். சூடாக இருந்தால் இப்போது ஓடியது, ஆறியிருந்தால் பழைய சரக்கு.

"ஆறிப்போனதை என் தலையில கட்டப் பார்க்கிறியா?" என்று ஒருவர் கேட்டார்.

"கட்டுறதுக்கு உன் தலையில எங்கய்யா இடம் இருக்கு?" என்று நான் கேட்டுவிட்டேன். அவர் மறுபடி வரவில்லை. அப்படிப் பாதிப் பேர் போனார்கள். சின்னண்ணன் அசையவில்லை.

பெரியண்ணன் வேலியைத் தாண்டி வந்தது அப்போதுதான். இடுப்பு எலும்பு விட்டுப்போய் அவரால் வயலில் இறங்க முடியாது. பிள்ளைகுட்டி கிடையாது. அவருக்கும் பெரியண்ணிக்கும் ஷெட்டில் வளர்க்கிற முட்டைக்கோழிகள்தான் சோறு. வாசலில் நின்று மிஷின் சத்தத்தைக் கேட்டார். "நல்லாத்தான்டா ஓடுது" என்றார். சின்னண்ணன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டான். அன்றைக்கு ராத்திரி அவன் தட்டில் சோறு அப்படியே இருந்தது. சந்தோஷத்திலும் மனுஷனுக்குப் பசிக்காது போல.

அதிலிருந்து எங்களிடம்தான் தீவனம் வாங்கினார். மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள், மூட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"எல்லாரும் சூடாத்தான் வாங்கணுங்கிறாங்க. எனக்கு மட்டுமாவது சூடா குடேன்டா."

நான் வாயைத் திறந்தேன். சின்னண்ணன் என்னை முறைத்தான்.

"சரிண்ணே. வீட்டுக்குப் போனதும் பிரிச்சுக் கொட்டி ஆறவிட்டுடுங்க" என்றான்.

அவர் போனதும் பிடித்துக்கொண்டேன். "உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"ஏற்கெனவே ஒரு தடவை அவர் பேச்சை நம்பாம அளந்தேன். இப்பவும் மாட்டேன்னு சொல்லச் சொல்றியா?" என்றான்.

பெரியண்ணன் மூட்டைகளைப் பிரிக்கவில்லை. மழையில் எங்கே கொட்டுவது? போதாததற்கு, சூடு போய்விடக்கூடாது என்று மேலே தார்ப்பாயைப் போட்டு மூடிவைத்திருக்கிறார், பாவி மனுஷன். முதலில் முட்டை குறைந்தது. அப்புறம் கோழிகள் இறக்கையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தன. ஒருநாள் காலையில் பெரியண்ணி வேலியருகே நின்று, "ஐயோ, வந்து பாருங்களேன்" என்று அலறினாள்.

கால்நடை டாக்டரம்மா வந்து செத்த கோழி ஒன்றை அறுத்து ஈரலைப் பார்த்தார். பிறகு ஒரு மூட்டையின் அடியைக் கிழித்தார். பச்சைப் பச்சையாகக் கட்டி விழுந்தது, குப்பென்று நாற்றம்.

"சூட்டோட கட்டினதா? இந்தப் பூசண விஷம் ஈரலைத் தின்னுடும். இதுக்கு மருந்து இல்லை."

கோழிகளில் பாதிக்கு மேல் ஏற்கெனவே போயிருந்தன. மிச்சமும் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. குழி வெட்டியது சின்னண்ணன்தான். மண்ணை மூடிவிட்டு நிமிர்ந்தபோது பெரியண்ணன் கேட்டார்.

"இப்படி ஆகும்னு உனக்குத் தெரியுமா?"

ஆறவிடச் சொன்னேனே என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "தெரியும்ணே."

"தெரிஞ்சும் குடுத்தியா?"

"நீங்க கேட்டீங்களேண்ணே."

பெரியண்ணன் தடியை ஊன்றி எழுந்து உள்ளே போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த மாதமே பெரியண்ணியின் தம்பி வீட்டோடு போய் இருப்பதென்று முடிவு செய்தார்கள். அந்த வயதில் இன்னொருத்தர் வீட்டு மூலையில் பாய் போடுவதென்றால் சும்மாவா? வேன் வந்தது. யாரும் கூப்பிடாமலே சின்னண்ணன் போய்க் கட்டிலைத் தூக்கினான், பெட்டியைத் தூக்கினான், கூண்டுக் கம்பிகளைக் கட்டி ஏற்றினான். வேர்த்து ஊற்றியது. பெரியண்ணன் முன் சீட்டில் உட்கார்ந்து நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

டிரைவருக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "மாடு மாதிரி உழைக்கிறாரே, யாருங்க, தம்பியா?" என்று கேட்டார்.

"தீவனம் குடுத்தவரு" என்றார் பெரியண்ணன்.

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. உடன்பிறந்தவனைப் பார்த்து இப்படியும் ஒரு மனுஷன் சொல்வானா? வேன் கதவைப் பிடித்து நாலு வார்த்தை கேட்கப் போனேன். சின்னண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தான்.

"விடு. உள்ளதைத்தானே சொல்றாரு" என்றான்.