திமிங்கிலத்தின் படம் ஏன் இல்லை

இன்று காலை திருகோணமலைக் கடலில், திமிங்கிலம் பார்க்கும் படகில் இருந்தோம். நானும், புதுச்சேரி வில்லியனூரில் என் பக்கத்து வீட்டுக் கஸ்தூரியும்.

கஸ்தூரி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படகில் ஏறினாள். மாசி மகத்துக்குச் சாமியோடு போகும்போது மட்டுமே கடலைப் பார்த்தவள். திருபுவனைத் தொழிற்சாலையில் உடன் வேலை செய்யும் பெண்களுக்குத் திமிங்கிலத்தின் வீடியோ கொண்டுவருவதாகச் சத்தியம் செய்திருக்கிறாள். எடுக்கும் பொறுப்பு என்னுடையது.

"பாலூட்டியைப் போய்க் கும்பிடாதே" என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தேன்.

இரண்டு மணி நேரம் வெறும் நீர். கஸ்தூரி இரண்டு முறை வாந்தி எடுத்தாள்.

"இன்னும் பத்து நிமிஷம் பாப்பம் அம்மா, பிறகு திரும்புவம்" என்றார் படகோட்டி.

ஒன்பதாவது நிமிடம் அது மூச்சுவிட்டு எழுந்தது. முதுகு வந்துகொண்டே இருந்தது. பிறகு வாலைத் தூக்கிக்காட்டிவிட்டு உள்ளே போனது.

கன்னத்தில் போட்டுக்கொண்ட கஸ்தூரி என் பக்கம் திரும்பினாள்.

"இன்னாக்கா, நீயும் கும்புட்டுக்கினு கீற? அப்ப வீடியோ யாரு எடுத்தா?"

கைப்பேசி என் கூப்பிய கைகளுக்கு நடுவே இருந்தது.

நாளைக் காலை மீண்டும் போகிறோம். இம்முறை என் கைகளைப் பிடித்துக்கொள்வதாகக் கஸ்தூரி உறுதியளித்திருக்கிறாள். அவள் கைகளை யார் பிடிப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.