சவுக்குத் தோப்புப் பூச்சி

எங்கள் குப்பத்தில் மற்றப் பிள்ளைகள் கிளி வளர்த்தார்கள், கோழிக்குஞ்சு வளர்த்தார்கள். எனக்கு மட்டும் எட்டுக்கால் பூச்சி மேல் ஆசை வந்தது. வீட்டு மூலையில் வலை கட்டுகிற ஒல்லிப் பூச்சி இல்லை. சவுக்குத் தோப்பில் மண்ணுக்குள் வளை தோண்டிக் குடியிருக்கிற, உடம்பெல்லாம் மயிர் அடர்ந்த தடிப்பூச்சி. பெண்பிள்ளைக்கு வருகிற ஆசையா இது என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சித்தப்பாதான் துணைக்கு வந்தார். கல்யாணம் ஆகாதவர், பொழுது நிறைய இருந்தது.

தோப்பில் இரண்டு வளைகளைக் காட்டினார். முதல் வளைக்குள் ஈர்க்குச்சியை விட்டு ஆட்டியதும், என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு வெளியே வந்து முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு நின்றது. நான் சித்தப்பா முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன். அடுத்ததில் இருந்தது பழுப்பு, கொட்டைப்பாக்கு அளவுதான். சண்டைக்கு வராமல் பின்வாங்கியது. குட்டியைப் பிடித்தால் என்னோடு சேர்ந்து வளரும் என்று அதையே கேட்டேன்.

“குட்டி இல்ல இது. இதோட வளர்த்தியே இவ்ளோதான்,” என்றார் சித்தப்பா. அதற்கும் சம்மதித்தேன்.

கண்ணாடி பாட்டிலில் மண் போட்டு, வாயில் துணி கட்டி, விறகுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அப்பா கட்டுமரத்தில் போகிறவர். தேளோ பூரானோ கண்ணில் பட்டால் ஒரே அடிதான். என் பூச்சியைப் பார்த்தால் விடமாட்டார்.

ஒரு மத்தியானம் வந்து பார்த்தால் துணி தளர்ந்து, பாட்டில் காலி. தேடாத இடமில்லை. கூடத்தில் அம்மா பாயில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளாகவே பகலில் படுத்துக்கொண்டாள். அவள் புடவை மேல், வயிற்றுக்குப் பக்கத்தில், பூச்சி ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து நடந்துகொண்டிருந்தது. கூப்பிட்டால் அம்மா புரளுவாள். புரண்டால் அது கடிக்கும்.

அந்த நேரம் பார்த்து அப்பா உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். தட்டிவிட்டு அடிக்கத் துடைப்பத்தை எடுத்தார். அம்மா கண் விழித்தாள். பூச்சியைப் பார்த்தும் அசையவில்லை.

“அடிக்காத. இந்த வாட்டியாவது வாணாம்யா,” என்றாள், உதடு மட்டும் அசைய.

துடைப்பம் அடிக்காமலே கீழே இறங்கியது. அப்பா மண்டியிட்டு, உள்ளங்கையை விரித்து, புடவையோடு ஒட்டி வைத்துக் காத்திருந்தார். பூச்சி அவர் விரலைத் தொட்டுப் பார்த்தது, பின்வாங்கியது, மறுபடி தொட்டது. கடைசியில் ஏறிவிட்டது. கை நடுங்க நடுங்கத் தோப்பு வரை நடந்தார். நான் அழுதுகொண்டே பின்னால் போனேன். மண்ணில் கையைச் சாய்த்து இறக்கிவிட்டு, அது மறைகிற வரைக்கும் நின்றார்.

பிள்ளைத்தாய்ச்சி வீட்டு ஆண் எந்த உயிரையும் கொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்துக் கட்டுப்பாடு. மீன் அதில் சேராது. சேர்த்தால் அடுப்பு எப்படி எரியும்? முந்தின வருஷம் அப்பா கொல்லையில் ஒரு சாரைப்பாம்பை அடித்தார். அந்த மாசமே அம்மா செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினாள். இப்போது மறுபடி உண்டாகியிருந்தாள். இதெல்லாம் அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

கடலுக்குப் போகிற மனுஷன் இத்தனூண்டு பூச்சிக்கு நடுங்கினார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். அது அப்பா காதுக்கும் போனது.

“ஆமாம்மா, பயந்துதான் பூட்டேன்,” என்றார். ஒத்துக்கொண்டுவிட்டாரே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.