சாம்பார் வாளி மறுபடி நைனா கைக்கு வந்தது

எங்கள் நைனா, அதாவது அப்பா, காலமானது டி.பி.யால் அல்ல. இந்த நினைவு மலரைக் கையில் வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தச் சந்தேகம் இருக்கும். அதனால் பிறப்பு, குலம் எல்லாவற்றுக்கும் முன்னால் அதைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஒரு மதியம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். "நுரையீரல்தானா சாமி?" என்று அம்மா கேட்டார். "இல்லம்மா, அது எப்பவோ சுத்தமாயிடுச்சே" என்று பதில் வந்ததும், அந்தத் துக்கத்தின் நடுவிலும் எங்கள் வீட்டில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு எழுந்தது. அதை மறைத்து எழுத எனக்கு வராது.

நைனா நகரிக்குப் பக்கத்தில், கரும்பும் வேர்க்கடலையும் விளைகிற சிற்றூரில் பிறந்தார். சின்ன வயதிலேயே தகப்பனாரை இழந்து ஏர் பிடித்தார். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் தமிழிலும் தெலுங்கிலும் ஒரே வேகத்தில் திட்டுவார். உழைப்பாளி, நேர்மையானவர் என்றெல்லாம் எல்லா மலரிலும் போடுகிறார்கள், நைனாவும் அப்படித்தான். ஆனால் அவரைச் சொந்தபந்தம் அறிந்தது பந்தியில்தான்.

நகரியிலிருந்து புத்தூர் வரை நம் சொந்தத்தில் எந்தக் கல்யாணமானாலும் சாம்பார் வாளி நைனா கையில் இருக்கும். யாருக்குப் பல் இல்லை, யாருக்கு முருங்கைக்காய் இரண்டு துண்டு அதிகம் வேண்டும், யார் போதும் போதும் என்று கையை மறித்துக்கொண்டே இன்னொரு கரண்டிக்குக் காத்திருக்கிறார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கல்யாண வீட்டார் அவரை இதற்கென்று கேட்பதில்லை. வாளியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைப்பார்கள், அவ்வளவுதான்.

ஆந்திரா தனியாகப் பிரிந்து, எல்லை எங்கே போடுவது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்த வருஷங்களில், ஒருநாள் கரும்பு வெட்டும்போது நைனா ரத்தமாக இருமினார். சித்தூர் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் வைத்திருந்தார்கள். பிறகு வீட்டிலேயே மாத்திரை, ஊசிக்கு மட்டும் சித்தூருக்கு பஸ். அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். இரண்டையும் அம்மா தினமும் கொல்லைப்புறத்தில் கொதிக்கும் நீரில் போட்டு எடுப்பார். படுக்கை மாட்டுக்கொட்டகைப் பக்கம். அங்கிருந்தபடியே, "டேய், மடைய அடச்சியா இல்லியாடா?" என்று என்னை விரட்டிக்கொண்டிருப்பார்.

ஊர் எங்களைக் கைவிடவில்லை. அதை இங்கே பதிவு செய்தாக வேண்டும். எங்கள் கரும்பை அவர்களே வெட்டினார்கள், அவர்களே வண்டியில் ஏற்றினார்கள். ஆனால் வயலுக்கு வந்தவர்கள் வாசலுக்கு வரவில்லை. தெருவிலேயே நின்று, "அக்கா, எப்பிடி கீறாரு?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அம்மா சிரித்த முகமாகப் பதில் சொல்லிவிட்டு உள்ளே வந்து என்னிடம் கேட்பார்: "நாளைக்கி ஒண்ணுன்னா ஒண்ணு ஆயிட்சுன்னா, கிட்ட வந்து தூக்கறதுக்கு நாலு பேரு இருப்பாங்களாடா?" எனக்குக் கோபம்தான் வரும். 

ஒன்றரை வருஷம் கழித்து, சளியில் கிருமி இல்லை, எக்ஸ்ரேயும் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். ஊசி போட்ட கம்பவுண்டர், "பயம் லேதன்னா, அந்தா பாகுந்தி" என்று நைனாவின் தோளைத் தட்டி அனுப்பினார். இனிப் பயமில்லை, எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர் சொன்னதை நம்பி நைனா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நகரியில் ஒரு புதுமனைப் புகுவிழாவுக்குப் போனார். பழைய வழக்கத்தில் வாளியைத் தானே எடுத்தார்.

முதல் இலையில் உட்கார்ந்திருந்தவர் அம்மாவின் அண்ணன், புத்தூர் மாமா. வாளி பக்கத்தில் வந்ததும் இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

"பசி இல்ல மச்சான்."

அவரைப் பார்த்து அடுத்த இலை மடிந்தது. பிறகு அதற்கடுத்தது. நைனா வாளியைக் கீழே வைத்துவிட்டு, "சாம்பாருல உப்பு தூக்கலா கீது போல" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அதன் பிறகு எந்த விசேஷத்திலும் அவர் வாசலோரம் உட்கார்ந்திருப்பார். சாப்பாடு மட்டும் வீட்டுக்கு வந்து, தன் தட்டில்.

நான் விடவில்லை. எக்ஸ்ரே படத்தை எடுத்துக்கொண்டு புத்தூர் மாமா வீட்டுக்கே போனேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பாருங்க மாமா, ஒரு புள்ளி கீதா?" என்று கத்தினேன்.

மாமா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "எனக்கு இன்னாடா தெரியும்? எலும்புக்கூடு மாரி கீது. காலேஜ் படிச்சவன் நீயே சொல்லிக்க."

அடுத்த வருஷம் அவருடைய மகளுக்குப் புத்தூரில் கல்யாணம். தாலி கட்டி முடிந்து, பிள்ளை வீட்டார் பந்தியில் உட்கார்ந்தார்கள். இலை போட்டுச் சோறும் போட்டாயிற்று. அந்த நேரம் பார்த்து, எல்லையை விசாரிக்கிற ஆபீசர் திருப்பதியிலிருந்து காரில் வருகிறார் என்று ஒரு செய்தி வந்தது. பரிமாற இருந்த இளவட்டங்கள் அத்தனை பேரும் வாளியைப் போட்டுவிட்டு, எங்கள் பக்கத்தைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிக் கறுப்புக்கொடி பிடிக்க மெயின் ரோட்டுக்கு ஓடினோம். ஆம், ஓடினோம். திருப்பதி காலேஜில் படித்துவிட்டு வந்த நானே முதல் ஆள்.

அரை மணி கத்தியும் காரும் வரவில்லை, ஆபீசரும் வரவில்லை. தொண்டை கட்டித் திரும்பி வந்தால், பந்தலில் இலைச் சோறு ஆறிக் கிடந்தது. சாம்பார் வாளியோடு நைனா நின்றிருந்தார். அவராக எடுத்தாரா, அவர் முன்னால் யாராவது வைத்தார்களா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நைனாவின் வியாதி பிள்ளை வீட்டார் காதுக்கும் போயிருந்தது போல, வரிசையில் இலையை மறைத்த கையை ஒருவரும் எடுக்கவில்லை. கரண்டி வாளிக்குள்ளேயே இருந்தது.

புத்தூர் மாமா பந்தலின் கோடியிலிருந்து விடுவிடுவென்று வந்தார். வாளியைப் பிடுங்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். பிள்ளை வீட்டார் நடுவே காலியாக இருந்த ஓர் இலையில் சப்பென்று உட்கார்ந்தார்.

நம்மில் பெண்ணைப் பெற்றவர் கடைசிப் பந்தியில் சாப்பிடுவார் என்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளை வீட்டுக் கிழவர் ஒருவர் சும்மா விடவில்லை. "இன்னாங்க சம்பந்தி, பொண்ணப் பெத்தவருக்கு பசி தாங்கலியா?" பந்தியே சிரித்தது.

"ஆமாங்க, தாங்கல" என்றார் மாமா. நிமிர்ந்து பார்க்காமல், "ஊத்து மச்சான்" என்றார்.

நைனா ஊற்றியதில் பாதி சாம்பார் இலைக்கு வெளியே, மாமாவின் வேட்டியில் போனது.

"ஏன் மச்சான், எம்மேல கோவம்னா வேட்டில ஊத்துவியா? சோத்துல ஊத்து. முருங்கக்கா எங்க?"

பிசைந்தார், சாப்பிட்டார், மறுபடியும் கேட்டார். பக்கத்து இலைக்காரர் கையை விலக்கி, "எனக்கும் போடுங்க" என்றார். நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நைனா என்னைப் பார்த்துவிட்டார். "டேய், கொடி புடிச்சது போதும். ரசத்த எடுத்துக்கினு பின்னால வாடா."

அன்று கடைசிப் பந்தியில், சொந்தக்காரர்கள் நடுவே உட்கார்ந்து, எல்லாரையும்போல வாழையிலையில் நைனா சாப்பிட்டார். மாமா அவரிடம் மன்னிப்புக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. நைனாவும் அதை எதிர்பார்க்கவில்லை.

எல்லை ஒருவழியாக முடிவாகி நாங்கள் ஆந்திராவிலேயே இருந்தபோது நான் கோபத்தில் குதித்தேன். "எந்தப் பக்கம் போனா இன்னாடா, கல்யாணம் பண்ணாமலா இருப்பாங்க?" என்றார் நைனா. அதன் பிறகும் பல வருஷம் வாளி தூக்கினார்.

சித்தூர் டாக்டருக்கும், கம்பவுண்டருக்கும், எங்கள் கரும்பை வெட்டிக் கொடுத்த ஊராருக்கும், புத்தூர் மாமாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அதைவிடப் பெரிய நன்றி ஒன்று பாக்கி இருக்கிறது. நைனாவை எடுத்த அன்று அம்மா உள் அறையில் கல்லாக உட்கார்ந்திருந்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. என்னைக் கூப்பிட்டு, "வெளில எத்தினி பேருடா கீறாங்க?" என்றார்.

"தெருவே நிக்குதும்மா. யாரு மொதல்ல தோள் குடுக்கறதுன்னு மாமா அங்க சண்ட போட்டுகினு கீறாரு."

அம்மா எழுந்து வந்து ஜன்னல் வழியாகத் தன் கண்ணால் பார்த்தார். பிறகுதான் வாய்விட்டு அழுதார்.