எங்கள் தெருவுக்குக் கிடைத்த விலக்கு

வீட்டுக்கு வீடு உணவுக் கழிவைத் தனியாக வாங்கிப் போகும் திட்டம் எங்கள் தெருவுக்கு ஒரு பேட்டரி வண்டியில், ஒலிபெருக்கிப் பாட்டோடு வந்தது. பாட்டு முடிந்ததும் மேற்பார்வையாளர் இறங்கி, வாசலுக்கு வாசல் ஒரு பச்சை வாளியும் ஒரு நீல வாளியும் வைக்கச் சொன்னார். மக்குவது பச்சையில், மக்காதது நீலத்தில். அடுத்து அவர் என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியும். உள்ளாட்சி அலுவலகங்களில் உட்கார்ந்து இப்படிப்பட்ட சுற்றறிக்கைகளைக் கீழே அனுப்பியே தேய்ந்து ஓய்வுபெற்றவன் நான். அவர் வாயைத் திறக்கும் முன்பே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

திட்டத்தைக் குறை சொல்ல முடியாது. எச்சில் இலையும் கோழிக் கழிவுமாகத் தெருமுனை நாறிக்கொண்டிருந்தது உண்மை. ஆனால் கடைசியாக ஒரு விதி சொன்னார்: உணவுக் கழிவை வண்டிப் பணியாளரைத் தவிர வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் தெருவின் தூய்மை மதிப்பெண் குறையும்.

அந்த விதி ஒரே ஒரு ஆளுக்குத்தான் பொருந்தும். அந்த ஆள் அப்போது சைக்கிளைப் பிடித்தபடி கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

திருச்சுழி சாலையில், ஊர் முடிகிற இடத்தில் குடியிருக்கும் பெண்மணி அவர். முன்பு கூலிக்குக் களையெடுத்தவர். இப்போது ஒரு பசு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறார். தினமும் காலையில் சைக்கிளில் இரண்டு பெயின்ட் டப்பாக்களைக் கட்டிக்கொண்டு வந்து, எங்கள் வீடுகளில் கழனித்தண்ணீர் எடுத்துப் போவார். அரிசி களைந்த நீர், வடித்த கஞ்சி, காய்த்தோல், மிஞ்சிய சோறு எல்லாம் வாசலோரப் பானையில் இருக்கும். பதிலுக்கு, மாடு கன்று போட்டால் வீட்டுக்கு ஒரு கிண்ணம் சீம்பால், மார்கழியில் கோலத்துக்குச் சாணி. இதற்கு ஒப்பந்தப்புள்ளி கோரியவர் யாருமில்லை.

கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தார்.

"அய்யா, எங்க பக்கம் போர்த்தண்ணி பூரா உப்பு. மாடு வாயி வைக்காது. கழனி கலந்தாத்தான் குடிக்கும். சினையா வேற இருக்கு."

எங்கள் சீமையில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நல்ல தண்ணீர் குழாயில் எப்போதாவது வரும். அது மனிதர்களுக்கே போதாது. மாட்டுக்கு உப்புத் தண்ணீர்தான். அதில் ருசி ஏற்றுவது எங்கள் வீட்டுக் கஞ்சி.

நடைமுறை தெரிந்தவன் என்று பெயர் வாங்கிவிட்டால் இதுதான் தொல்லை. விதிகளைப் புரட்டினேன். கழிவை உரக்குழியிலிட்டுத் தங்கள் அளவிலேயே பயன்படுத்திவிடும் குடியிருப்புகளுக்கு விலக்கு உண்டு என்று ஓர் உட்பிரிவு இருந்தது. தெருக்காரர்களிடம் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தேன். மாடு உரக்குழி ஆகாது என்று பதில் வந்தது. உரக்குழி செய்வதை மாடு சீக்கிரமாகச் செய்யும் என்று, கொஞ்சம் மரியாதையான சொற்களில் மேல்முறையீடு செய்தேன். கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போக எவ்வளவு காலம் ஆகும் என்பது எனக்குத் தெரியும். அந்தக் காலத்தை நானும்தான் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். கடைசியில் தல ஆய்வுக்கு ஒருவர் வந்தார். மாடு கழனி குடிக்கும் தொட்டியைப் படம் எடுத்தார். மாட்டைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, அகலவாக்கில் இன்னொரு படம்.

இதற்குள் கோடை வந்துவிட்டது. முதலில் வீடுகளில் பானையும் இருந்தது, வாளியும் இருந்தது. பிறகு வாளி மட்டும். மூடிவிட்டால் நாற்றமில்லை, ஈயில்லை. காலையில் வண்டி வந்து வாங்கிப் போகிறது. பானைகளைக் கழுவிக் கறிவேப்பிலைக் கன்று வைத்துவிட்டார்கள். என் வீட்டிலும் ஒன்றிரண்டு வீடுகளிலும் மட்டும் மறைவாகக் கொடுத்துவந்தோம். அந்தம்மாவின் டப்பாக்கள் அரைகுறையாகத்தான் நிறைந்தன.

விலக்கு உத்தரவு ஒருநாள் வந்தே விட்டது. எங்கள் தெரு உணவுக் கழிவை மாட்டுக்குக் கொடுக்கலாம். வண்டி நீல வாளிக்கு மட்டும் வரும். இத்தனை வருட உத்தியோகத்தில், நான் எழுதியது கேட்டபடியே திரும்பி வந்தது அதுவே முதல் தடவை. வீடு வீடாகச் சொன்னேன். எல்லோருக்கும் சந்தோஷம்தான். மறுநாள் டப்பாக்கள் வழிய வழிய நிறைந்தன.

அதற்கு மறுநாள் அந்தம்மா வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினார். முட்டை ஓடு, எலுமிச்சைத் தோல், ஹோட்டல் பார்சலின் ரப்பர் பேண்டு, மாத்திரை அட்டை, பால் பாக்கெட்டில் வெட்டி எறிந்த முக்கு.

"மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிருச்சுங்கய்யா," என்றார். யாரையும் குறை சொல்லவில்லை.

கழனிப் பானை என்றிருந்தவரை அதில் மிளகாய் விழாது, டீத்தூள் விழாது, எலும்பு விழாது. மாடு குடிப்பது என்று எல்லோருக்கும் தெரியும். அதற்குச் சுற்றறிக்கை கிடையாது, மீறியவர்களும் கிடையாது. சில மாதங்கள் அதையே குப்பை என்று சொல்லிப் பழக்கினோம். கையும் பழகிவிட்டது.

மாட்டுக்கு ஆகாததைத் தனியாகப் போடச் சொல்லி மறுபடி வீடு வீடாகப் போனேன். எதிர்வீட்டுக்காரர் விசைத்தறி வைத்திருப்பவர், பொறுமையாகக் கேட்டார்.

"வண்டிக்கு ஒரு வாளி, பிளாஸ்டிக்குக்கு ஒரு வாளி, இப்ப மாட்டுக்கு ஒரு வாளியா? எங்களுக்கும் பெருசா ஒரு வாளி குடுங்க சார். உள்ள போயி உக்காந்துக்கிறோம்."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சரி சார், பார்த்துப் போடுகிறோம் என்றார்கள். பார்த்துத்தான் போட்டார்கள், ஆனாலும் தினம் ஏதாவது ஒன்று கிடந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் தெருவைப் பற்றிப் புலம்பினேன். அவள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "அந்தப் பால் பாக்கெட்டு முக்கு நம்ம வீட்டுதாத்தான் இருக்கும். அன்னைக்குக் காப்பி போட்டது நீங்கதான?"

அதற்கு மேல் நான் எந்த வீட்டுக்கும் போகவில்லை.

அந்தம்மா சில நாள் வடிகட்டிப் பார்த்தார். டப்பாவுக்கு மேல் பழைய சேலையைக் கட்டி ஊற்றினார். வாடை பிடித்துக்கொண்ட மாடு பிறகு எங்கள் தெருக் கழனி எதையும் தொடவில்லை. உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் நக்குவதோடு சரி. பால் வற்றிப்போயிற்று, விலா தெரிந்தது.

ஒருநாள் டப்பாக்கள் இல்லாமல் வந்தார். காப்பி கொடுத்தோம். மாட்டைக் காரியாபட்டிப் பக்கம் ஒரு தோட்டக்காரருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்.

"அவுக கெணத்துல நல்ல தண்ணி. வயித்துல கன்னோட அது தாகத்துல நிக்கிறதப் பாக்க முடியலங்கய்யா." காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க அலைஞ்சு வாங்குன உத்தரவு வீணாப் போச்சேன்னு வெசனப்படாதீக."

எனக்கு ஆறுதல் சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். இனி என்ன வேலை பார்ப்பீர்கள் என்று மனைவி கேட்டாள். குமாரலிங்கபுரத்தில் வரப்போகிற ஜவுளிப் பூங்காவில் கூட்டிப் பெருக்க ஆள் எடுப்பார்களாமே என்று என்னைப் பார்த்தார். அதற்கு யாருக்கு மனுப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. விசாரிக்கிறேன் என்றேன். அலுவலகத்தில் நான் அதிகம் சொன்ன வார்த்தை அது.

இப்போது பச்சை வாளிகள் வாசல்களில் நிரம்பி நிற்கின்றன. மேற்பார்வையாளரைக் கேட்டதற்கு, உங்கள் தெருவுக்கு விலக்கு இருக்கிறதே சார், அதை ரத்து செய்தால்தான் பச்சை வாளிக்கு வண்டி வரும் என்றார். விதிப்படி அவர் சொன்னது சரி. ரத்து செய்யவும் நான்தான் மனு எழுத வேண்டுமாம்; எனக்குத்தான் நடைமுறை தெரியுமாம். எதிர்வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து முதல் கையெழுத்துப் போட்டார்.

காரணம் எழுத வேண்டிய இடத்தில் பேனா வெகுநேரம் நின்றது. பிறகு, மாடு விற்கப்பட்டுவிட்டது என்று எழுதினேன். அலுவலகத்துக்கு அது போதும்.